மோரே போகுமுன்

வண்ணாரப்பேட்டை

அன்புள்ள கண்ணு,

மணிப்பூர் சுற்றிப் பார்க்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மலையும் மேகமும் பார். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் முதலில் நம் தெருமுனை அத்தோ வண்டிக்குப் போய் நில். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், கடலை மாவு, புளித்தண்ணீர் எல்லாவற்றையும் வண்டிக்காரர் கையாலேயே பிசைவார், கரண்டி தொடமாட்டார். தொட்டுக்கொள்ள மிளகு தூக்கலாக வாழைத்தண்டு சூப். அந்தக் கைப்பக்குவம் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தது.

1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. அந்த வருஷம்தான் உன் தாத்தா ஒற்றை டிரங்குப் பெட்டியோடு மதராஸ் துறைமுகத்தில் இறங்கினார். எனக்கு ஆறு வயது. அப்படி வந்தவர்களில் சிலருக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. மணிப்பூர் வழியாக நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தார்கள். பர்மியச் சிப்பாய்கள் மறித்துவிட, எல்லையிலேயே குடியேறிவிட்டார்கள். அந்த ஊர்தான் மோரே, இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர். தமிழ்ச் சங்கம் உண்டு. அங்காளபரமேஸ்வரி கோவில் உண்டு.

மோரே போகும் வழியில் பல்லேல் தாண்டியதும் தெங்னௌபால் ஏற்றம் வரும். வண்டியை விட்டு இறங்கி நாலு அடி நடந்து பார். 1942இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, நம் ஆட்கள் பர்மாவின் தாமுவிலிருந்து மலையேறி வந்த பக்கம் அது. பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

இன்னர் லைன் பெர்மிட் இல்லாமல் கிளம்பாதே. 2023 மே மாத மெய்தே-குக்கி கலவரத்துக்குப் பிறகு அந்தப் பாதை பழைய பாதை இல்லை. மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. இம்பாலில் போகவேண்டாம் என்றார்களா, வீராப்புக் காட்டாமல் அங்கேயே இரு. மெய்தேயா குக்கியா, யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லாதே. பெண்களே கடை போடும் இமா கெய்தேல் சந்தைக்குப் போ. ஙாரி மீன் போட்ட ஈரோம்பா சாப்பிடு. வாடைக்கு மூக்கைப் பொத்தினாயோ, காசிமேட்டுக் கருவாடு தின்று வளர்ந்த பிள்ளை என்று வெளியே சொல்லாதே!

மோரேயில் பெரியவர் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால், "ஏன் நம் ஊருக்குத் திரும்பவில்லை?" என்று மட்டும் கேட்டுவிடாதே. உன் தாத்தாவை எந்த ஊர் என்று கேட்டால், சாகும்வரை ரங்கூன் என்றுதான் சொன்னார்.

சந்தையில் லப்பெத், அதுதான் ஊறவைத்த தேயிலை, கிடைத்தால் ஒரு பொட்டலம் வாங்கி வா. சின்ன வயதில் தின்றிருக்கிறேன், ருசி மறந்துபோச்சு.

உன் பெரியம்மா