ஸ்லைடு முடிவதற்கு முன்

குழுவுக்கு ஒரு தலைப்பைக் கொடுத்து "பிரசன்டேஷன் செய்துகொண்டு வாருங்கள்" என்றால், கணினி நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளை எல்லாவற்றையும் செய்துவிடும், மற்றவர்களின் பெயர் கடைசி ஸ்லைடில் இருக்கும். பலர் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கூகுள் ஸ்லைட்ஸ் போன்ற கருவிகள் வந்ததும் இது மாறிவிடும் என்று நம்பினோம். தானாக மாறுவதில்லை. இத்தகைய கருவிகளை வகுப்பில் பயன்படுத்தியதிலிருந்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்: அவற்றால் வரும் நன்மை முடித்துக் காட்டும் ஸ்லைடில் மிகக் குறைவு. முடிப்பதற்கு முன் ஒரு பிள்ளை சொன்னதற்கு இன்னொரு பிள்ளை சொல்லும் பதிலில்தான் கற்றல் நடக்கிறது. பாடத்தையும் மதிப்பெண்ணையும் அந்தப் பதிலை வைத்தே அமைக்க வேண்டும்.

குழுவேலையில் சிலர் ஒதுங்கிக்கொள்வதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் 1913இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் செலுத்தும் பலம் குறைவதைக் காட்டினார். சமூக உளவியலாளர் பிப் லட்டானேயும் அவருடைய கூட்டாளிகளும் 1979இல் கைதட்டலையும் கூச்சலையும் வைத்துச் சோதித்தபோதும் அதே போக்குதான் தெரிந்தது. ஆசிரியருக்கு உதவுவது அவர்கள் 1981இல் கண்டது: தன் குரல் எவ்வளவு என்பது தனியாகத் தெரியும் என்று நம்பியவர்கள் கூட்டத்திலும் முயற்சியைக் குறைக்கவில்லை. பகிர்ந்த கோப்பில் எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்ற வரலாறு சேமிக்கப்படுவதன் அருமை இங்கேதான் புரிகிறது. ஆனால் வகுப்பு முழுவதும் ஒரே கணக்கில் நுழைந்தால் அந்த வரலாற்றால் ஒரு பயனும் இல்லை. தனித்தனிக் கணக்கு இல்லாத இடத்தில், தான் எழுதிய பெட்டியின் கீழே பெயரை இடச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

குரல் பதிவுக்கு இடம் தரும் கருவிகளை நான் அதிகம் விரும்புகிறேன். 2007 முதல் புழக்கத்தில் உள்ள வாய்ஸ்திரெட் இவ்வகையில் பெயர்பெற்றது. நடுவில் ஒரு படம் இருக்கும், அதைச் சுற்றி ஒவ்வொருவரும் குரலாகவோ எழுத்தாகவோ கருத்துச் சொல்லலாம், படத்தின் மேல் கோடு போட்டும் காட்டலாம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, அதிகம் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். குரல் பதிவு அந்தக் காத்திருப்பை ஒரு நாளாகவே நீட்டிவிடுகிறது. பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். தமிழில் தட்டச்சு செய்யத் தடுமாறும் பிள்ளைக்கு இது இரட்டை விடுதலை. எழுத்தைத் தேடும் நேரத்தில் யோசனை நழுவிப்போவதில்லை. இதில் கேள்விதான் முக்கியம். 'ஆதன்' என்று தமிழி எழுத்தில் கீறிய கீழடிப் பானை ஓட்டின் படத்தைப் போட்டு "இது என்ன?" என்று கேட்டால் ஒரே பதில் நாற்பது முறை வரும். "இதைச் செய்தவர் எழுதியிருப்பாரா, வைத்திருந்தவர் எழுதியிருப்பாரா? படத்தில் எதைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். இரண்டாம் சுற்றில், ஏற்கெனவே சொன்ன ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டு, அவரை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ காரணம் சொல்ல வேண்டும். இந்தச் சுற்று இல்லையென்றால் இந்தக் கருவியே வேண்டாம், கரும்பலகை போதும்.

அலங்காரத்துக்கு நேரம் கொடுக்காதீர்கள். திரையில் உள்ள வரிகளையே வாசித்துக் காட்டுவது புரிதலைக் குறைக்கிறது என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. படம், இரண்டு மூன்று சொற்கள், மீதிக்குக் குரல். வெள்ளைப் பின்னணியே போதும்.

"எங்களிடம் அத்தனை கணினி இல்லை" என்பார்கள். ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. பதிவு செய்வதற்கு முன் அந்த மூவரும் தங்களுக்குள் வாதாடித்தான் ஆக வேண்டும். "தேர்வு கையால் எழுதுவதுதானே" என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எல்லாப் பாடத்துக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை; காரணம் காட்டிப் பேச வேண்டிய, ஒன்றுக்கு மேற்பட்ட விடைக்கு இடமுள்ள பாடங்களுக்கு மட்டும் போதும். எனக்கு வலுவாகப் படும் மறுப்பு வேறு. 40 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் கேட்பதற்கே ஒரு பீரியட் போய்விடும். ஆகவே 30 நொடி வரம்பு வேண்டும், ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள் வேண்டும், ஒவ்வொரு முறையும் இரண்டு குழுக்களை மட்டும் முழுதாகக் கேட்டுச் சுழற்சியாகப் போக வேண்டும். பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்வது பற்றிய அச்சமும் சரியானதே. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் நாம் கேட்க வேண்டும். பொதுவெளி இணைப்பு கூடாது, முகம் தேவையில்லை, பருவம் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிடலாம்.

செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் அழகான ஸ்லைடுகளைத் தந்துவிடுகிற இந்த நாளில், முடிந்த ஸ்லைடுக்கு முழு மதிப்பெண் போடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் பதில்களுக்குப் போகட்டும். கடைசி வகுப்பில், பிறர் சொன்ன ஒரு கருத்தை ஏற்று ஒவ்வொரு குழுவும் தன் ஸ்லைடில் ஒன்றையாவது மாற்ற வேண்டும். யார் சொன்னதால் மாற்றினோம் என்று குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும். நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான்.