வெட்டிய மரமும் ஆட்டின் வாயும்

அன்புள்ள இளமதிக்கு,

ஒடுகத்தூர்க் கரடுகளில் அடியோடு வெட்டிய உசில மரம் மறுபடி எப்படித் துளிர்க்கிறது என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி, கண்ணு.

வறண்ட நிலத்து மரங்கள் இலையில் சமைத்த உணவில் ஒரு பங்கை மாவுச்சத்தாக வேரில் சேர்த்து வைக்கின்றன. தண்டு போனாலும் அந்தக் கையிருப்பு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். கட்டையின் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் அதை வாங்கிக்கொண்டு முளைக்கின்றன. இதுதான் மறுதாம்பு. கீழே பெரிய வேர் தயாராக இருப்பதால், விதையில் பிறந்த கன்றைவிட இது வேகமாக உயரும். ஜவ்வாது மலைச் சந்தனம் காயம்பட்ட வேரிலிருந்தே புதுக் கன்று விடும்.

வெட்டுக்கு வேர் பதில் சொல்கிறது. ஆட்டுக்குப் பதில் சொல்வது முள்ளும் துவர்ப்பும். சின்னக் கருவேலத்தில் எவ்வளவு நீள முள், பார்த்திருப்பாய். வளர்ந்த மரத்தின் உச்சியில் அவ்வளவு இருக்காது. கென்யாவின் ஒரு வேல மரத்தில், விலங்குகள் கடிக்கும் கிளைகளில் முள் இன்னும் நீண்டு வளர்வதை ட்ரூமன் யங் என்ற ஆய்வாளர் 1987இல் எழுதினார்.

துவர்ப்புக்குக் காரணம் டானின். புரதத்தைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்வது அதன் குணம். ஆட்டின் வாயில் எச்சில் புரதத்தைப் பற்றி நாக்கை வறளவைக்கும்; வயிற்றில் தீனியின் புரதத்தைச் செரிக்கவிடாது. அதே டானின் டேனரித் தொட்டியில் ஆட்டுத்தோலின் கொலாஜனைப் பற்றி, அழுகாத தோலாக்குகிறது. மரம் தன்னைக் காக்கச் செய்த பொருளில்தான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டின் பிழைப்பு வேரூன்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடலைப் பரப்பத் தொடங்கிய பிறகும், வெகுகாலம் டானின் நிறைந்த ஆவாரம்பட்டைதான் தென்னாட்டுத் தோலுக்குப் பெயர் வாங்கித் தந்தது.

பட்டைக்காக அத்தனை முறை வெட்டியும் ஆவாரை ஏன் அழியவில்லை? அது மறுபடி துளிர்க்கும். ஆடும் அதை விரும்பித் தின்பதில்லை. துளிர் இலையாகி, வேரிலிருந்து எடுத்ததைத் திருப்பிச் செலுத்த நேரம் கிடைக்கிறது. உசிலுக்கு அந்த நேரம் வாய்ப்பதில்லை. அதன் தழை ஆட்டுக்கு விருப்பமான தீனி. வெட்டிய கட்டை துளிர்க்கும், ஆடு கடிக்கும். மீண்டும் துளிர்க்கும், மீண்டும் கடிபடும். ஒவ்வொரு முறையும் வேரின் சேமிப்பு குறைகிறது, வரவே இல்லை. ஒருநாள் கட்டை துளிர்ப்பதை நிறுத்திவிடும்.

அரிவாள் மட்டுமோ ஆடு மட்டுமோ இந்த மரத்தைக் கொல்வது அரிது. இரண்டும் அடுத்தடுத்து வருவதுதான் கொல்கிறது. ஆட்டுக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. தொரட்டியால் பக்கக் கிளையை மட்டும் ஒடித்துப் போடுபவர் மரத்தை வாழவைத்தே ஆட்டையும் வளர்க்கிறார்.

அடுத்த முறை போகும்போது உசிலங்கட்டையின் துளிர் நுனிகளைப் பார். எல்லாம் கடிபட்டிருந்தால், மேய்ப்பவரிடம் சொல்லிவிட்டு, பெரியவர் துணையோடு சீமைக்கருவேல முள்ளைச் சுற்றிலும் போட்டு வை. நிமிர்ந்து நிற்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்துக்குத் துளிர் வளரும்வரை எடுக்காதே.

அன்புடன்,
மாமா