இடிமழைக்குப் பின் கூரையும் விதைநெல்லும்

மாவனல்லைப் பகுதியிற் சிறுபோகத்துக்குரிய விதைநெல், பங்குனி சித்திரை மாதங்களில் வீட்டினுள்ளேயே இருக்கும். பெரும்போக அறுவடையின் பின் தூற்றி உலர்த்திச் சாக்கிற் கட்டிய நெல் அது. இடைப்பருவத்து இடிமழை பெய்வதும் அம்மாதங்களிலேயே. காலையில் வெயில் எரிக்கும். பிற்பகலிற் கடுகண்ணாவை மலைப்பக்கம் முகில் கறுக்கும். மாலையிற் காற்றும் இடியும் மழையும் ஒருங்கே வந்துவிடும். சிலவேளை ஆலங்கட்டியும் விழுவதுண்டு. ஐப்பசி, கார்த்திகையிலும் நிலைமை இதுவே. அப்பொழுது பெரும்போகத்து விதை கூரையின் கீழ் இருக்கும். ஆதலின் இக்காலங்களிற் கூரையில் ஓடொன்று விலகினால், அதன் கேடு வயல்வரை செல்லும்.

ஆலங்கட்டி எவ்வாறு உண்டாகின்றதென்பதை அறிதல் நன்று. வெப்பமான காற்று விரைந்து மேலெழும்போது முகிலிலுள்ள நீர்த்துளிகளையும் உடன் கொண்டு செல்லும். இலங்கைக்கு மேலே ஏறக்குறைய 5 கிலோமீற்றர் உயரத்திலேதான் நீரை உறையச் செய்யும் குளிர் உண்டு. அங்கு உறைந்த துளி படைபடையாகப் பருத்து, காற்றுத் தாங்கமாட்டாத நிலையில் விழுகிறது. இந்தியாவின் மொராதாபாத் பகுதியில் 1888 ஏப்ரல் 30ஆந் திகதி விழுந்த ஆலங்கட்டியால் 246 பேர் இறந்தனர். 1986இல் வங்காளதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்த கட்டியொன்று 1.02 கிலோகிராம் நிறையுடையது. மாவனல்லை போன்ற தாழ்ந்த மலையடிவாரங்களில், கட்டி நிலத்தை அடையுமுன் வெப்பக் காற்றிற் பெரிதும் கரைந்துவிடும். ஆகவே இங்கு கூரைக்கு வரும் சேதத்திற் பெரும்பங்கு காற்றாலும், முறிந்து விழும் பலா, இறப்பர்க் கிளைகளாலும், தென்னோலையாலும் நேர்வதே. முற்றத்தில் விழுந்த கட்டியைப் பொறுக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழும் வேளையில், விலகிய ஓட்டை எவரும் நோக்குவதில்லை.

கூரையைப் பார்க்குமுன் வீட்டின் பின்னுள்ள சரிவைப் பார்த்தல் வேண்டும். 2016 மே 17ஆந் திகதி, பல நாள் பெருமழையின் பின், அயலிலுள்ள அரநாயக்கவிற் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேற்பட்டோர். நிலத்திற் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனத் தோன்றிய ஊற்று, கலங்கிய ஊற்றுநீர் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் ஓட்டையும் நெல்லையும் விட்டு, வீட்டார் யாவரும் வெளியேறிப் பாதுகாப்பான இடத்தை அடைந்த பின்னரே கிராம உத்தியோகத்தருக்கோ, 117 என்னும் தொலைபேசி இலக்கத்தில் இடர் முகாமைத்துவ நிலையத்துக்கோ அறிவித்தல் வேண்டும்.

சரிவிற் பழுதில்லையெனின் சோதனையை வீட்டினுள்ளே தொடங்கலாம். பகலிற் கதவு சாளரங்களை மூடி மேலே நோக்கினால், ஓடு விலகிய இடங்களில் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்குமென எண்ணுதல் தவறு. நீர் கைமரத்தின் வழியே கீழ்நோக்கி ஓடி, யாதேனும் ஒரு முடிச்சில் அல்லது ஆணியிற் சொட்டும். அது புகுந்த இடம் முகட்டுப் பக்கமாகச் சில அடி மேலே இருக்கலாம். மரத்தில் ஈரக்கோடு காய்வதற்கு முன்னரே கரியால் அடையாளமிட்டுக் கொள்க. மறுநாள் அக்கோடு மறைந்துவிடும்.

பின்னர் வெளியே வந்து நிலத்தில் நின்றே பார்த்தல் வேண்டும். பீலியில் ஓட்டுச் சில்லுகள் கிடந்தால் மேலே ஓடு உடைந்திருப்பது உறுதி. ஐயத்துக்குரிய ஓட்டைக் கழற்றி விரற்கணுவாற் தட்டினால், நல்ல ஓடு கணீரென ஒலிக்கும். வெடித்தது மந்தமாக ஒலிக்கும். ஓட்டை நனைத்து வைத்தால், யாவும் உலர்ந்த பின்னும் வெடிப்பு மட்டும் கருங்கோடாக நிற்கும். முகட்டோட்டின் சாந்து பிளந்துள்ளதா என்பதையும் கவனிக்க.

தோட்ட லயன்களிலும் சிறு வீடுகளிலும் காணப்படும் தகரக் கூரையிற் கட்டியாற் துளை விழுதல் அரிது. காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது குழிவுகள் தெரியும். குழிவில் நாகப்பூச்சு வெடித்திருப்பின், சில மாதங்களில் அங்கே துரு ஏறும். ஆதலின் அவ்விடத்தைத் துடைத்து வர்ணம் பூசுதல் போதுமானது. இதைவிட ஆணிகளே கவனத்துக்குரியன. காற்றில் தகரம் அசையும்போது ஆணித்துளை அகன்று, மழைநீர் அதன் வழியே இறங்கும்.

அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நார்த் தகட்டின்மேல் எவரும் கால் வைத்தலாகாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புள்ள தகடு ஆளின் பாரத்தைத் தாங்காது. உடைந்த துண்டை அறுக்கவோ, உலர்ந்த தூசியைப் பெருக்கவோ கூடாது. அத்தூசி நுரையீரலிற் புகுந்து பல ஆண்டுகளின் பின் கொடிய நோயைத் தரும். நீர் தெளித்து நனைத்த பின்னரே துண்டுகளை எடுத்துப் பொதியிற் கட்டல் வேண்டும். எவ்வகைக் கூரையாயினும் ஈரமாக இருக்கும்போதும், இடி ஓயாதபோதும், மின்கம்பி அறுந்து கிடக்கும்போதும் ஏறுதல் கூடாது. செப்பனிடுமுன் சேதத்தைப் படம் பிடித்து வைத்தால், உதவி கோரும்போது பயன்படும்.

கூரையைச் செப்பனிடும்வரை நெல் காத்திருக்காது. விதைநெல்லின் ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். நனைந்த சாக்கு இரண்டு நாளிற் சூடேறி, பூஞ்சணம் பிடிக்கும், அல்லது முளைக்கும். ஆதலின் மழை விட்டவுடன் ஒவ்வொரு சாக்கின் நடுவிலும் கையை நுழைத்துப் பார்க்க. சூடாகவோ குளிர்ந்த ஈரமாகவோ இருப்பவற்றை வேறாக்குக. நனைந்ததை உலர்ந்ததுடன் கலந்தால் இரண்டும் கெடும். பிரித்த நெல்லைப் பாயிற் பரப்பிக் காற்றோட்டமான இடத்திலும், இளவெயிலிலும் அடிக்கடி கிளறி உலர்த்துதல் நன்று. நண்பகல் வெயிலிற் சுடும் சீமெந்துத் தளம் உணவு நெல்லுக்கு ஏற்றதாயினும், விதைநெல்லின் முளையைக் கெடுத்துவிடும். மணியைப் பல்லிடைக் கடித்தால் 'டக்' என முறிதல் வேண்டும். நசிந்தால் இன்னும் உலரவில்லை. போஞ்சி, பயற்றை விதைகளைத் தாளிற் சுற்றி வைத்திருப்போர் அவற்றையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும்; அவை நெல்லைவிட விரைவிற் கெடும்.

உலர்ந்த பின் அந்நெல்லை நம்பி வயலைப் பண்படுத்தலாமோ என்னும் ஐயத்தை நீக்க, எளிய சோதனை ஒன்று உண்டு. வெவ்வேறு சாக்குகளிலிருந்து 100 மணிகளை எடுத்து, நனைத்த துணியிற் சுற்றி, துணி உலராமற் காத்து வருக. ஏழாம் நாளில் 85 மணிகளேனும் நன்கு முளைத்திருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால், நெல்லைக் குற்றி உணவுக்கு எடுத்துக்கொண்டு, பூஞ்சணம் பிடித்ததாயின் அதையும் விலக்கி, விதைப்புத் திகதிக்கு முன்னரே விவசாயப் போதனாசிரியரை அணுகி வேறு விதை பெறுதல் வேண்டும்.