சொட்டும் தண்ணீர் சொல்லும் சேதி
(பழைய ட்ரக்டர், லொறிகளின் வாட்டர் பம்ப் பற்றி நீர்வேலியில் படித்த பாடம்)



கொழுந்து ஏற்றும் ட்ரக்டரும் லொறியும் நம் தோட்டங்களுக்குக் கைகால் மாதிரி. கொழுந்து மட்டுமா அதில் போகிறது? உரமூட்டை போகிறது, அரிசி மா வருகிறது, ராத்திரியில் வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சியையும் எத்தனையோ தடவை அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். அந்த வண்டியை ஓடவைக்கிற சின்ன உறுப்பு ஒன்றைப் பற்றி இந்த இதழில் படிப்போம். அதுதான் எஞ்சினின் முன்பக்கம், விசிறிக்குப் பின்னால் இருக்கும் வாட்டர் பம்ப்.

நீர்வேலியில் நின்ற வான்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து வான் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். நல்லூரில் கும்பிட்டுவிட்டுச் செல்வச்சந்நிதிக்குப் போகலாமென்று பருத்தித்துறை வீதியால் போகும்போது, கோப்பாய் தாண்டி நீர்வேலியில் வான் சூடேறி ஆவி விட்டது. ரோட்டோரத்துக் கடைக்காரர் ஒரு கராஜைக் காட்டினார். அங்கே வயதான மெக்கானிக் ஐயா ஒருவர், பிரித்துப்போட்ட பழைய மாஸி பெர்குசன் 135 ட்ரக்டரின் பக்கத்தில் நின்றார். அந்த ரகம் 1964 இல் வெளிவந்தது. நம் தோட்டங்களிலும் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

நீர்வேலி வாழைக்குப் பேர்போன ஊர். செம்மண் நிலம், அடியில் சுண்ணாம்புக்கல். ஆறு இல்லை, ஓடை இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறுதான். முன்பு துலா மிதித்து இறைத்தார்கள், பிறகு எண்ணெய் மெஷின் வந்தது. 'வாட்டர் பம்ப்' என்றால் அங்கே முதலில் நினைவுக்கு வருவது கிணற்றடி மெஷின்தான். பம்பின் அருமை தெரிந்த ஊர் என்று சொல்லலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1990 இல் யுத்தம் மறுபடி மூண்ட பிறகு வடக்குக்குப் பல சாமான்களைத் தடை செய்தார்கள். பெட்ரோல், டீசல் கிடைக்கவில்லை. பழைய ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புது உதிரிப்பாகம் என்பது கனவுதான். ஏ9 பாதை 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, 2009 இல் மீண்டும் திறந்தது. இந்தக் காலமெல்லாம் அங்குள்ள மெக்கானிக்மார் இருப்பதைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டியே வண்டிகளைக் காப்பாற்றினார்கள்.

எங்கள் வானின் பம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஐயா சொன்னார்: "தம்பி, பம்ப் ஒரே நாளிலை பழுதாகிறதில்லை. முதலிலை சொட்டும். பிறகு கத்தும். அதுக்குப் பிறகுதான் நிக்கும். சொட்டேக்கை பாத்தால் சீல் காசோடை போகும். நிண்டாப்பிறகு பாத்தால் எஞ்சின் காசு."

இதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

பம்ப் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் எரியும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறி, மறுபடி எஞ்சினுக்கு வருகிறது. இந்தச் சுற்றை நடத்துவது பம்ப். பெல்ட் சுற்றினால் தண்டு சுற்றும், தண்டு நுனியிலுள்ள இலைச் சக்கரம் தண்ணீரைத் தள்ளும். தண்டைத் தாங்குவது பெயாரிங். தண்ணீர் பெயாரிங் பக்கம் வராமல் மறிப்பது சீல்.

பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பலர் அதை ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது வேண்டுமென்றே வைத்த துளை. சீல் தேய்ந்தால் கசியும் தண்ணீர் பெயாரிங்கை நனைக்காமல் வெளியே வருவதற்கும், 'சீல் போய்விட்டது' என்று நமக்குத் தெரிவதற்கும் வைத்தது.

இதைக் கேட்டபோது எங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் ட்ரக்டர் பம்ப் இதே துளையால் சொட்டியது. கிளீனர் பையன் சவர்க்காரத்தை உருட்டி வைத்து அடைத்தான். சொட்டு நின்றது. 'கெட்டிக்காரன்' என்று நாமும் முதுகில் தட்டிக்கொடுத்தோம். வெளியே வர வழியில்லாத தண்ணீர் பெயாரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிட்டது. கொஞ்ச நாள் கிறீச்சிட்டது, அதையும் கவனிக்கவில்லை. ஒரு மாலை மலை ஏறும்போது தண்டு இறுகி, பெல்ட் அறுந்து, சூட்டில் எஞ்சின் ஹெட் வெடித்தது. அன்று ராத்திரியே ஒரு தாய்க்கு வலி எடுத்தது. கம்பளியில் தூளி கட்டி, இருட்டில் பெரிய ரோட்டுவரை தூக்கிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் புண்ணியம். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் துளை எதற்கென்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மலையில் கவனம் கூட வேண்டும்

யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரம், அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். உயரத்தில் பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் கொதிநிலை கூடுகிறது. மூடியின் ரப்பர் போய்விட்டால் மலையில் ஏற்றத்தோடு ஏறும் வண்டி சீக்கிரம் கொதிக்கும். பம்பைக் குறை சொல்வதற்கு முன் மூடியையும் பாருங்கள்.

மூன்று அடையாளங்கள்

1. சொட்டு: காலையில் வண்டி எடுக்குமுன் விசிறிக்குக் கீழே தரையைப் பாருங்கள். ஈரமா? பம்பின் துளையைச் சுற்றி வெள்ளையாக அல்லது துருநிறமாகக் கோடு இருக்கிறதா?

2. சத்தம்: கிறீச் சத்தம் பெல்ட்டாலும் வரலாம், பெயாரிங்காலும் வரலாம். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஆறிய பிறகு விசிறி இலையைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் போய்விட்டது.

3. சூடு: சூட்டு முள் வழக்கத்தைவிட ஏறுகிறதா? தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதா? 'ஊற்றினால் சரிதானே' என்று விடக்கூடாது. தண்ணீர் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

இரண்டு சில்லு லேண்ட் மாஸ்டர்கள் பலவற்றில் இந்தப் பம்ப் கிடையாது. தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகும், குறைவதை நிரப்ப வேண்டும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் பெரிய ட்ரக்டரிலும் தண்ணீர் குறைவது இயல்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறு.

கழற்றிப் பூட்டும் முறை

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வையுங்கள். பெட்டரி வயரைக் கழற்றுங்கள்.

2. ரேடியேட்டர் அடிக் குழாயையும் எஞ்சின் பிளாக் குழாயையும் திறந்து தண்ணீரை ஏனத்தில் பிடியுங்கள்.

3. டைனமோ நட்டைத் தளர்த்தி பெல்ட்டை எடுங்கள். விசிறியைக் கழற்றுங்கள். இடம் போதாத வண்டிகளில் ரேடியேட்டரையும் எடுக்க வேண்டிவரும்.

4. பம்பின் போல்ட்டுகள் ஒரே நீளமல்ல. அட்டையில் பம்பின் படம் கீறி, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்திவையுங்கள். நீர்வேலியில் பார்த்த நல்ல பழக்கம் இது.

5. பம்பைப் பரிசோதியுங்கள். உடல் வெடித்திருந்தாலோ, இலைச் சக்கரம் துருவில் அரித்திருந்தாலோ, சீல் உட்காரும் இடம் குழி விழுந்திருந்தாலோ முழுப் பம்பையும் மாற்றுவதே நல்லது. உடல் நன்றாக இருந்தால் தண்டு, பெயாரிங், சீல் மட்டும் மாற்றலாம். அதற்குப் பிரஸ் மெஷின் வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் புது சீலும் உடைந்துபோகும்.

6. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, முகத்தைச் சுத்தமாக்கி, புது கேஸ்கட் வையுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

7. பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலமளவு இறங்க வேண்டும். கூட இறுக்கினால் புதுப் பெயாரிங் சீக்கிரம் போய்விடும்.

8. மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழ் வெளியேறிய பின் மட்டத்தைச் சரிபாருங்கள். கசிவு இருக்கிறதா என்று மறுநாள் காலையிலும் பார்க்க வேண்டும்.

மாஸி பெர்குசன் 35, 135 ரகங்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்று கைவிட வேண்டாம். 1960 இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனமும் மாஸி பெர்குசன் பெயரில் ட்ரக்டர்கள் செய்துவந்தது. கடைக்குப் போகும்போது எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டு, பழைய பம்பையும் கையில் கொண்டுபோங்கள். பார்வைக்கு ஒரே மாதிரியான பம்புகளிலும் போல்ட் துளைகள் வேறுபடும்.

எந்தத் தண்ணீர்?

நீர்வேலிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அந்த ஊர்க் கேத்தல்களின் உட்புறத்தில் வெள்ளைப் படை கட்டியிருக்கும். அதே படை ரேடியேட்டருக்குள்ளும் கட்டினால் சூடு வெளியேறாது. அதனால் அந்த ஐயா மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துவைத்திருந்தார். நம் மலைத் தண்ணீர் மென்மையானது, படை கட்டுவது குறைவு. ஆனால் பீலித் தண்ணீரை அப்படியே வாளியில் அள்ளி ஊற்றினால் மணலும் இலையும் சேர்ந்து போகும். மணல் சீலை அரித்துவிடும். துணியில் வடித்து ஊற்றுங்கள். வெறும் தண்ணீரால் துருவும் பிடிக்கும். கூலண்ட் கலந்தால் துரு குறையும், கொதிநிலையும் கூடும்.

மறக்கக்கூடாத எச்சரிக்கை

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். கையால் தொடக்கூடிய அளவு ஆறிய பின், சாக்கை மூடி, முதல் படிவரை திருப்பி ஆவியை விட்டு, பிறகு திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி லயத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

கராஜில் கைவேலை பழகிய பிள்ளைகள் அதோடு நின்றுவிட வேண்டாம். நைட்டா எனப்படும் பயிலுநர் பயிற்சி அதிகார சபை மூலம் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெறலாம். அனுபவம் உள்ளவர்கள் பரீட்சித்துக் காட்டி என்.வி.க்யூ. சான்றிதழும் எடுக்கலாம். விபரம் வேண்டுவோர் தங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. பம்பின் அடித்துளை எதற்காக? அதை ஏன் அடைக்கக்கூடாது?
2. மலையில் தண்ணீர் ஏன் சீக்கிரம் கொதிக்கிறது?
3. பம்ப் நிற்குமுன் காட்டும் அடையாளங்கள் எவை?
4. உங்கள் தோட்ட வண்டியின் கீழே இன்று காலை தரை ஈரமா, காய்ந்ததா?

நாலாவது கேள்விக்குப் பதில் புத்தகத்தில் இல்லை. நாளைக்குப் பெரட்டுக்குப் போகும்போது ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் அன்றைக்கே டிரைவரிடம் சொல்லுங்கள்.