பழைய சிறு லாரியின் முன் சுருள்வில்களை மாற்றுதல்

சிறு லாரியைச் சொந்தமாகவோ கூட்டாகவோ வைத்திருக்கும் அங்கத்தினர்கள், டயருக்கு ஆகும் செலவைப் பற்றி அடிக்கடி குறைபடுகின்றனர். முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் சிரைத்ததுபோல் தேய்ந்துவிடுகிறது. வெளிப்பாதியோ புதிதாகவே இருக்கிறது. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், அச்சு வளைந்துவிட்டது என்ற தீர்ப்பு எளிதில் கிடைக்கும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அச்சு குற்றமற்றதாகவே இருக்கும். அதன்மேல் அமர்ந்துள்ள சுருள்வில்தான் களைத்துப் போயிருக்கும். அதைக் கண்டறியும் வகையையும், மாற்றும் முறையையும், அவ்வேலையில் உயிருக்குள்ள அபாயத்தையும் இப்பாடத்தில் கூறுவோம்.

எல்லாச் சிறு லாரிகளிலும் முன்புறம் சுருள்வில் இருப்பதில்லை. பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டைவில் உள்ள வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது. சுருள்வில் வண்டிகளுள் பாடத்திற்கு மிகவும் ஏற்றதென, அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் 1965-ஆம் ஆண்டு மாடல் முதல் எஃப்-100 சிறு லாரியில் வைத்த முன் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ‘ட்வின் ஐ-பீம்’ என்று அதற்குப் பெயர். அதன்பின் வந்த எஃப்-150 வண்டியிலும் 1996 மாடல் வரை இதே ஏற்பாடுதான். அந்நாட்டு விவசாயிகளிடம் நெடுங்காலம் உழைத்த வண்டிகள் இவை. உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால், படிப்பவர் மனத்தில் எளிதில் பதியும்.

இவ்வமைப்பில் முன்புறம் ஒரே அச்சு குறுக்கே ஓடுவதில்லை; இரண்டு தனித்தனி உத்தரங்கள் உள்ளன. இடச்சக்கரத்தின் உத்தரம் அடிச்சட்டத்தின் வலப்பக்கத்திலும், வலச்சக்கரத்தின் உத்தரம் இடப்பக்கத்திலும் கீல்போல் மாட்டப்பட்டிருக்கின்றன. சக்கரத்துக்கு அருகே ஒவ்வோர் உத்தரத்தின்மேலும் ஒரு சுருள்வில் நின்று அடிச்சட்டத்தைத் தாங்குகிறது. வில் குறுகினால் அடிச்சட்டம் தாழும். அதனோடு கீலும் தாழும். சக்கரமோ தரையிலேயே நிற்கும். ஆகவே உத்தரம் சாய்ந்து, சக்கரத்தின் மேற்பாகம் உள்நோக்கிச் சரிகிறது. உள்விளிம்பு தேயும் மர்மம் இதுதான்.

வில் ஏன் களைக்கிறது? சுருள்வில்லை அமுக்கும்போது அதன் கம்பி வளைகிறது என்றே பலரும் நினைப்பர். உண்மையில் அது முறுக்கப்படுகிறது. நூலுக்கு முறுக்கேற்றிப் பழகிய நெசவாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாரத்திற்கு ஏற்ற அளவில் வில் அமுங்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678-இல் வெளியிட்டார். எஃகு நெடுநாள் முறுக்கிலேயே இருந்தால், எடுத்த முறுக்கை முழுவதும் திருப்பிக் கொடுக்காமல் சிறிது வைத்துக்கொள்கிறது. பின் வில்கள் சரக்கு ஏற்றும்போதுதான் முழுப் பாரம் சுமக்கின்றன. முன் வில்களோ கொட்டகையில் நிற்கும்போதும் எஞ்சினை இரவும் பகலும் சுமக்கின்றன.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். பழைய வில் ‘இளகி’விட்டது என்பர். அதன் விறைப்பு அநேகமாக அப்படியே இருக்கும்; நீளந்தான் குறைந்திருக்கும். கணக்குக்காக, 1 சென்டிமீட்டர் அமுங்க 60 கிலோ பாரம் கேட்கும் வில் ஒன்றைக் கொள்வோம். தனியே நிற்கையில் 40 செ.மீ. நீளம். 600 கிலோவின் கீழ் அது 10 செ.மீ. அமுங்கி 30 செ.மீ. ஆகும். வருஷங்கள் சென்று, தனி நீளம் 37½ செ.மீ. ஆகிவிட்டதென்றால், அதே பாரத்தின் கீழ் 27½ செ.மீ. தான் நிற்கும். துரு விஷயம் வேறு. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. துரு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத் தின்றால், அவ்விடத்தில் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். முறிவும் அங்கேதான் தொடங்கும்.

அளக்காமல் எதையும் வாங்கலாகாது. சமதரையில், சரக்கு இறக்கிய வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, முன்புறத்தைச் சில தடவை அமுக்கி விடுங்கள். பின் இருபுறமும் உத்தரத்தின் மேற்புறத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரே இடத்தில் அளந்து, வண்டியின் பழுதுநூலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். மட்கார்டு விளிம்பிலிருந்து அளப்பவர் உண்டு. அடிபட்டு நெளிந்த மட்கார்டு பொய் சொல்லும். இடைவெளி குறைவாயிருந்து, தடுப்பு ரப்பர் அடிபட்டு மழுங்கியும் இருந்தால் வில்தான் குற்றவாளி. பள்ளத்தில் இறங்கியபின் வண்டி நெடுநேரம் ஊஞ்சலாடுவது வில்லின் குறையன்று. அது ஷாக் அப்சார்பரின் குறை.

இந்த அளவு எடுக்காமலே உத்தரத்தைப் பெரிய அழுத்தியில் வைத்து வளைத்துச் சரிசெய்யும் பட்டறைகள் உண்டு. பழைய எஃப்-100 வண்டிகளில் சக்கரச் சாய்வைத் திருத்த அதுவே வழியாக இருந்ததும் மெய்தான். ஆனால் தாழ்ந்த வில்லோடு உத்தரத்தை வளைத்தால், பின்னொரு நாள் புதுவில் போட்டதும் சக்கரம் எதிர்ப்பக்கம் சாயும். மறுபடி வளைக்க வேண்டும். இரண்டு கூலி, இரண்டு ஜோடி டயர்! சுருள்களுக்கிடையே ரப்பர்க் கட்டை சொருகி உயர்த்துவதையும் நாம் ஒப்பவில்லை. கட்டை பிடித்த சுருள் வேலை செய்யாது. அதன் பங்கையும் மற்றச் சுருள்கள் சுமந்து விரைவில் முறியும்.

இனி அபாயத்தைப் பற்றி. மேலே கொண்ட வில்லில் அடங்கியிருக்கும் ஆற்றல், 30 கிலோ மூட்டை ஒன்று 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்குச் சமம். அது ஒரு கணத்தில் முகத்துக்கு நேரே விடுபட்டால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபோர்டின் உத்தர அமைப்பில் ஒரு நன்மை உண்டு: உத்தரத்தைப் படிப்படியாகத் தாழ்த்தினால், வில் தானாகவே தளர்ந்து கைக்கு வந்துவிடும். 1963 முதல் வந்த செவர்லே சி-10 போன்ற வண்டிகளில் வில் இரண்டு கைகளுள்ள அமைப்பில் இறுகி நிற்கிறது. கீழ்க்கை விடுபடும்போது அது பாயக்கூடும். அவ்வகை வேலையைத் தக்க கருவியுள்ள மெக்கானிக்கிடமே விடுக.

ஃபோர்டு வண்டியில் வேலை செய்பவர், முதல்நாள் இரவே மறைகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைக்கட்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்தி, வண்டியைத் தூக்கி, அடிச்சட்டத்தின் கீழ் இருபுறமும் இரும்புத் தாங்கிகளை வைக்க வேண்டும். செங்கல் அடுக்கை ஒருபோதும் நம்பலாகாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பி எவரையும், குறிப்பாக உதவிக்கு வந்த சிறுவனை, வண்டிக்கடியில் அனுப்பக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றியபின் உத்தரத்தின் சக்கரமுனைக்குக் கீழ் ஜாக்கியை வைத்துச் சற்றே தாங்குங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ்முனை, வில்லின் மேல்முனையைப் பிடிக்கும் தகடு, கீழ்முனையை இருக்கையோடு இறுக்கும் நட்டு ஆகியவற்றைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வில் தளர்ந்ததும் எடுத்துவிடலாம். இரும்புக்கோலால் நெம்பி எடுக்கும் அவசரம் ஆகாது. புதுவில்லின் பூச்சில் கீறல் விழுந்தாலும் அதிலிருந்தே வெடிப்பு தோன்றும்.

பழைய வில்லையும் புதிய வில்லையும் தரையில் பக்கத்தில் பக்கமாக நிறுத்திப் பாருங்கள். உயர வித்தியாசம் ஐயத்தைத் தீர்க்கும். எஞ்சினின் எடைக்கேற்ற வில்லைத்தான் வாங்க வேண்டும். இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுவில்லின் கடைச்சுருள் முனை இருக்கையின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தியபின் உத்தரத்தை உயர்த்தி, கழற்றியவற்றை மீண்டும் பூட்டுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், அவற்றை வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதே கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு கிழியும்.

வண்டியைச் சில நாள் ஓட்டியபின் அதே இடைவெளியை மீண்டும் அளந்து, தேதியுடன் வண்டிப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்து, அதன் பிறகே சக்கரச் சீரமைப்புக்குக் கொண்டுபோக வேண்டும். முன்புறம் உயர்ந்ததால் விளக்கொளியும் உயர்ந்திருக்கும். எதிரே வருபவர் கண் கூசாதபடி அதையும் தாழ்த்தி வையுங்கள்.