மலையிறங்கும் மூட்டைக்கு வாடகை பேசும்போது

நாமக்கல்

அன்புள்ள மகனுக்கு,

சித்தப்பா எழுதுவது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? குளிர் காலம் முடியும்வரை காட்டு வேலைக்கு அனுப்பாதே.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்லை வரிவரியாகப் படித்தேன். சென்னைக்கு மிளகு அனுப்பப் பேசிய வாடகை ஒன்று, கட்டியது அதற்கு மேலே பாதி. லாரிக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபமாக எழுதியிருந்தாய். நாமக்கல்லில் புக்கிங் ஆபீஸ் மேஜையில் எல்.ஆர். என்கிற லாரி ரசீது எழுதியே வயதானவன் நான். இந்தப் பில்லில் எனக்குச் சந்தேகம் வருவது ‘இதர செலவு’ என்ற ஒரே வரிதான். மற்ற எல்லாம் நீங்கள் கேட்காமலும் அவர்கள் சொல்லாமலும் விட்டவை. உங்கள் குழுவில் இருக்கிற பெண்களின் பணம் இது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன், அவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் மலையைப் பற்றிச் சொல்கிறேன். நாமக்கல் புரோக்கர் ‘சென்னைக்கு இவ்வளவு’ என்று சொல்லும்போது, வண்டி தரையில் நிற்பதாகத்தான் அவர் கணக்கு. அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவு இருப்பது அந்த வாடகையில் சேர்ந்திருக்காது. நீளமான லாரியை அதில் ஏற்றுவது ஆகாத வேலை. குட்டியானையிலோ சின்ன லாரியிலோ சரக்கை இறக்கி, கீழே பெரிய வண்டிக்கு மாற்றவேண்டும். ஆக, மலைமேல் செம்மேட்டிலிருந்து அடிவாரம்வரை ஒரு வாடகை, வண்டி மாற்ற ஒரு கூலி, அதற்குப் பிறகுதான் சென்னை வாடகை. வளப்பூர் நாட்டுப் பக்கம் வண்டி போகாத ஊர் என்றால் தலைச்சுமைக் கூலியும் உண்டு. இவை எல்லாம் நியாயமான செலவுகள். ஆனால் முன்னாலேயே பேசி மிளகின் விலையில் சேர்த்திருக்கவேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தால் அது லாபத்திலிருந்துதான் போகும்.

குட்டியானை முக்கால் டன் சுமக்கும் வண்டி. இன்னும் நாலு மூட்டை போடலாம் என்று டிரைவரை யாரும் கெஞ்சக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதோடு அதிகச் சுமையை அங்கேயே இறக்கவும் வேண்டும். பணத்தை விடு. எங்கள் காலத்தில் அந்த வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளைப் பற்றி உன் அப்பாவைக் கேள்.

அடுத்தது எடை. மிளகுக்கு எடை பார்த்தால் போதும். சாமை முறுக்கும் தினை லட்டும் அப்படியில்லை. உங்கள் குழுவின் அட்டைப் பெட்டி ஒன்றை நானே டேப் வைத்து அளந்தேன். 60 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 40 உயரம். மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது கூரியர்காரர்கள் வழக்கம். 24 கிலோ வருகிறது. உள்ளே இருந்த முறுக்கு 9 கிலோ. பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு. எது அதிகமோ அதற்குத்தான் பில். லாரி பார்சல் கம்பெனிகள் கன அடிக்கு இத்தனை கிலோ என்று வேறு கணக்கு வைத்திருக்கும், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எந்தக் கணக்கு என்று புக்கிங்குக்கு முன்பே கேட்டு, பெட்டியின் அளவை எழுதிக் கொடு. முடிந்தால் சின்னப் பெட்டிக்கு மாறுங்கள். முறுக்கு உடையாமல் இருக்க இவ்வளவு காலி இடம் தேவையில்லை, நெருக்கி அடுக்கினால் ஆடாது, உடையவும் உடையாது.

எடை மேடைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள். ஏற்றும்போது உன்னிடம் ஒரு சீட்டு இல்லையென்றால், அவர்கள் குடோனில் போட்ட எடைதான் எடை.

அடுத்தது இ-வே பில், சரக்கோடு போகவேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு. அதில் நம் பையன்கள் நிறைய இடறுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், மாநிலம் தாண்டிப் பெங்களூருக்கு என்றால் 50,000-க்கு மேல் சரக்கு என்றால் தேவை. மிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 84 கிலோவில் 50,000 தாண்டிவிடுகிறது, இரண்டு மூட்டைகூட இல்லை. பலாப்பழம், அன்னாசிக்கு வரி இல்லை, அதற்கு இது வேண்டாம். மிளகுக்கு 5 சதவீதம் உண்டு. நம் கதையில் சிக்கல், கீழே வண்டி மாறுவதுதான். மாறிய லாரியின் நம்பரை பில்லின் இரண்டாம் பகுதியில் ஏற்றவேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் காலக்கெடுவும் இருக்கிறது. வழியில் பிடித்தால், சரக்குக்காரர் முன்வந்து கட்டினாலும் வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம். 1 லட்சம் ரூபாய் மிளகுக்கு வரி 5,000, அபராதம் 10,000. வண்டி நின்ற நாளுக்கு ஹால்டிங் வேறு.

ஹால்டிங் என்றால் காத்திருப்புக் காசு. உன் பில்லில் பெரிய தொகை அதுதான். ஏற்றுகிற இடத்தில் மிளகை மூட்டை பிடிக்காமல் வண்டியை வரவழைத்திருக்கிறாய். இறக்குகிற இடத்தில் லாரி காலை எட்டு மணிக்குப் போய் நின்றிருக்கிறது. சென்னைக்குள் கனரக லாரிக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு உண்டு. வாங்குகிறவரின் குடோன் எத்தனை மணிக்குத் திறக்கும், அந்தத் தெருவில் எந்த வண்டி நுழையும், இதைக் கேட்காமல் வண்டியை அனுப்பக்கூடாது. எத்தனை மணி நேரம் இலவசம், அதற்குப் பிறகு என்ன ரேட் என்றும் பேசிவிடு. இதில் டிரைவரிடம் மட்டும் சண்டை போடாதே. ஹால்டிங் காசு பெரும்பாலும் அவர் கைக்கு வருவதில்லை, உன்னைப்போல அவரும் வெயிலில் நிற்கிறவர்தான்.

ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாமூல் யார் தலையில்? யாருடைய சரக்கோ அவரே கொடுக்கட்டும் என்று லாரி உரிமையாளர்கள் வெகுகாலமாகக் கேட்டுவருகிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் சரக்குக்காரர் என்பது விற்பவரா வாங்குபவரா என்பதை நீயும் வாங்குபவரும் பேசி முடிக்கவேண்டும். ‘டு பே’ என்று போட்டால் வாடகையை வாங்குபவர் கட்டுவார். அவர் மறுத்துச் சரக்கு குடோனில் கிடந்தால் குடோன் வாடகை ஏறிக்கொண்டே போகும், கடைசியில் அது உன்னிடம்தான் திரும்பி வரும். புது வியாபாரிக்கு ‘டு பே’ வேண்டாம்.

எல்லா அதிகச் செலவையும் வெட்டிவிடாதே, ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். 2007-ஆம் வருடத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, மதிப்பை எழுதிக் கொடுக்காத சரக்கு தொலைந்தால், வாடகையைப்போல் 10 மடங்குவரைதான் கம்பெனி பொறுப்பு. 800 ரூபாய் வாடகைக்கு 60,000 ரூபாய் மிளகை அனுப்பி அது காணாமல் போனால் கிடைப்பது 8,000. மதிப்பை எழுதினால் ரிஸ்க் கட்டணம் என்று கொஞ்சம் கேட்பார்கள். கொடு. சரக்கு சேதமானால் எல்.ஆர். காப்பியிலேயே குறிப்பு எழுதி, 180 நாளுக்குள் எழுத்தில் கேட்கவேண்டும். இத்தனை வருடத்தில் அந்தக் கெடுவைத் தவறவிட்டு அழுதவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன்.

‘இதர செலவு’ வரிக்கு விவரம் கேட்டு இந்த வாரமே கம்பெனிக்குக் கடிதம் போடு, பில் நம்பரும் எல்.ஆர். நம்பரும் குறிப்பிட்டு. பதில் வராவிட்டால் அடுத்த லோடு வேறு ஆளுக்கு.

அடுத்த லோடு அன்னாசியா மிளகா தெரியவில்லை. எதுவானாலும் ரேட் பேசுகிறவரிடம் வாய்வார்த்தையாக முடிக்காதே. மலை வாடகை, வண்டி மாற்றும் கூலி, கிலோ கணக்கு, காத்திருப்பு, இறக்குக்கூலி எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டு, பதிலை மெசேஜில் வாங்கு. ‘சரி’ சொல்லுமுன் அதை எனக்கு ஒரு தடவை அனுப்பு. இரவு பத்து மணிவரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
சித்தப்பா