சித்திரக்கதை மாந்தரின் அச்சமும் நம் குழந்தைகளும்

அச்சம் இழிவன்று, உயிரைக் காக்கும் இயல்புணர்ச்சியே அது. பாம்பைக் கண்டு விலகுதல் அறிவுடைமை. ஆனால், தீங்கு செய்யாத ஒன்றைக் கண்டும் உடல் நடுங்கி, அன்றாட வாழ்வு தடைப்படுமாயின், அதனை உளவியலார் ‘ஃபோபியா’ என்பர். நாம் மிகையச்சம் எனலாம். குழந்தைகள் விரும்பும் சித்திரக்கதை மாந்தர் மூவரைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, 1969 டிசம்பரில் ஜப்பானிய இதழ்களில் தோன்றிய டோரேமான். இந்த இயந்திரப் பூனை எலியைக் கண்டால் அலறும். கதைப்படி, இதன் காதுகளை இயந்திர எலியொன்று கடித்துச் சிதைத்துவிட்டது. அதன்பின் எலி என்னும் இனமே அதற்கு அச்சமாயிற்று. ஒரு துன்பம், அதனை ஒத்த அனைத்தின்மீதும் அச்சத்தைப் பரப்பும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, 1969 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அறிமுகமான ஸ்கூபி-டூ. உருவத்தில் பெரிய நாய். பேய் என்ற சொல்லுக்கே ஓடும். முடிவில் முகமூடியைக் கழற்றினால், பெரும்பாலும் உள்ளே இருப்பவன் பேராசை கொண்ட மனிதனே. அறியாமையால் விளைந்த அச்சம் ஆராய்ச்சியால் நீங்கும்.

மூன்றாமவர் நம் நாட்டவர். ‘டிங்கிள்’ இதழில் 1983ஆம் ஆண்டு தோன்றிய சிகாரி சம்பு. வசந்த் ஹால்பே வரைந்த இவ்வேட்டைக்காரரின் கண்களைத் தொப்பி மறைத்திருக்கும். விலங்கைக் கண்டு நடுங்குவார். தற்செயலாக அது அகப்பட, ஊரார் வீரர் எனப் போற்றுவர். எத்தனை வெற்றி பெற்றும் அடுத்த கதையில் அதே நடுக்கம்! மறைத்து வைத்த அச்சம் மாறுவதில்லை. பிற்காலத்தில் இவர் துப்பாக்கியைத் துறந்து விலங்குகளைக் காப்பவரானது, கொல்லாமை போற்றும் நம் இல்லங்களுக்கு உவப்பானது.

அச்சத்தைப் போக்கும் வழி யாது? 1924ஆம் ஆண்டு மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அம்மையார், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விரும்பிய உணவை உண்ணும்போது, கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார். பிறகு சிறிது சிறிதாக அருகில் கொணர்ந்தார். அஞ்சாத பிற குழந்தைகளையும் உடன் விளையாடச் செய்தார். இறுதியில் பீட்டர் முயலைத் தடவி மகிழ்ந்தான்.

எனவே பெற்றோர்களே, சோறூட்டப் பூச்சாண்டியை அழைக்காதீர்கள். “ஆண்பிள்ளை பயப்படலாமா?” என எள்ளாதீர்கள். எள்ளப்பட்ட குழந்தை சம்புவைப் போல் அச்சத்தை மறைக்கவே கற்கும். காரணத்தைப் பரிவோடு கேளுங்கள். இருட்டறைக்குள் தள்ளாமல், கைபிடித்து வாசற்படி வரை முதலில் அழைத்துச் செல்லுங்கள். உணவு, உறக்கம், கல்வி ஆகியவை கெடுமளவு அச்சம் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள்.

குழந்தைகளுக்கான பயிற்சி:

1. மூவருள் எவருடைய அச்சத்திற்குத் தெளிவான காரணம் கூறப்படுகிறது?

2. நீ அஞ்சும் ஒன்றை எழுதி, அதனை அணுக மூன்று சிறு படிகளை அம்மாவுடன் சேர்ந்து வகுத்திடுக.

— ஓய்வுபெற்ற ஆசிரியை, கரிவலம்வந்தநல்லூர்